பரீட்சை ஹாலில் பேசக் கூடாது

பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுதான் வர்றியா? நினைச்சேன். அங்க போய் "இந்த ஊர்ப் பிள்ளைங்க ஏன் பரீட்சையில தேற மாட்டேங்குது"ன்னு கேட்டா என்ன சொல்வாங்க? அப்பா அம்மா சரியில்லைம்பாங்க. அப்பா அம்மாவைக் கேட்டா டீச்சர் சரியில்லைம்பாங்க. ரெண்டுமே நிஜம்தான், அதுல எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனா முழுசாத் தெரிஞ்சவ இந்த ஊர்ல ஒருத்திதான். நீ நேரா இங்கதான் வந்திருக்கணும்.

உட்காரு. என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு, நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. ஆராய்ச்சிப் படிப்பா? நல்லது. என் பொண்ணும் படிச்சா. இப்ப கனடாவுல உட்கார்ந்து பனி பெய்யறதை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பறா. பனியைப் பார்த்து நான் என்ன செய்ய? சரி, அது கிடக்கட்டும்.

முதல்ல ஒண்ணு எழுதிக்கோ. சத்தம்.

என் சமையலறை ஜன்னலுக்கு நேரா இருக்கு பள்ளிக்கூடம். அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். அதுல ஒருத்தி பிரசவ லீவு. இன்னொருத்தி ஜெயக்கொடி, அவதான் தலைமையாசிரியை. தலையும் அவதான், வாலும் அவதான். வாரத்துல பாதி நாள் டிரெயினிங்குன்னு போயிடுவா, மீதி நாள் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவா. பிள்ளைங்க என்ன செய்யும்? ஒருத்தி எழுந்து நின்னு பாடத்தைக் கத்துவா, மத்ததெல்லாம் அவ பின்னாடியே கத்தும். "நரி காட்டுக்குப் போனது"ன்னு அவ கத்தினா "நரி காட்டுக்குப் போனது"ன்னு கூரையே எகிறும். நரி போய்க்கிட்டே இருக்கும், சாப்பாட்டு மணி வரைக்கும். எனக்குக் குக்கர் விசில் கேட்காது. எத்தனை நாள் சாதம் குழைஞ்சுபோயிருக்கு தெரியுமா? எங்க வீட்டுக்காரர் மணிலா மண்டி வச்சிருக்காரு, மணிலான்னா வேர்க்கடலை, இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வாங்க. அவர் மத்தியானம் வந்து தட்டைப் பார்த்துட்டு, "உஷா, இன்னைக்கு என்ன, கஞ்சியா?"ன்னு கேட்பாரு.

அப்படிக் கத்தறாளே ஒருத்தி, அவ பேர்தான் கோபிகா. அஞ்சாம் வகுப்பு. ஏழுமலைன்னு ஒருத்தன், அவன் பொண்ணு. புத்திசாலிதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாய்! ரோட்டுல போற நாய்கிட்டகூட நாலு வார்த்தை பேசிட்டுதான் போவா. ஒருதரம் என் வாசல்ல நின்னுகிட்டு, "மிஸ், உங்க வூட்டுக் கேட்டுல 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு எழுதியிருக்கு, நாயே காணோமே, நாயி ரொம்ப ஜாக்கிரதையா இருந்து ஓடிப்போச்சா?"ன்னு கேட்டுச்சு. அந்த மாதிரிப் பிள்ளை.

இந்த ஊர்ல பொங்கல் முடிஞ்ச கையோட லாரி வரும். பாதித் தெரு செங்கல் சூளைக்கு ஏறிப் போயிடும். மழைக்காலம் நெருங்கினாத்தான் திரும்பும். பிள்ளைங்களையும் கூடவே அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க போய்ப் பிள்ளை கல்லு புரட்டும், மண்ணு மிதிக்கும். திரும்பி வந்தா அ எது ஆ எதுன்னு முழிக்கும். இதையும் எழுதிக்கோ. பெற்றோரோட அக்கறையின்மை. இதைப் பெரிய எழுத்துல போடு.

போன வருஷம் ஜெயக்கொடி ஓடி வந்தா. டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தற உறைவிடப் பள்ளி இருக்காம். சூளைக்குப் போற குடும்பத்துப் பிள்ளைங்களுக்காகவே நடத்தறாங்களாம். சாப்பாடு, தங்கறது, பன்னிரண்டாவது வரைக்கும் படிப்பு, எல்லாம் அவங்க செலவு. அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்கதான் சேர முடியும். இந்தப் பக்கத்துல எல்லா ஊரையும் சேர்த்து ஒரே ஒரு இடம். மார்கழியில வந்து பரீட்சை வைப்பாங்களாம்.

"கோபிகாவுக்குக் கிடைச்சிடும்மா. கண்டிப்பாக் கிடைச்சிடும். கிடைச்சிட்டா அது சூளைக்குப் போகாது. நான் ஊர் ஊரா அலையறேன், நீங்க கொஞ்ச நேரம் வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்கறீங்களா? சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, அது போதும்"ன்னா.

கேட்டியா? சத்தமாவாம்.

நான் யாருன்னு அவளுக்குத் தெரியலை. நான் கடலூர்ல கான்வென்ட்டுல படிச்சவ. எங்களுக்குச் சிஸ்டர் பெனடிக்டான்னு ஒருத்தங்க. அவங்க நடந்து வந்தா செருப்புச் சத்தம்கூடக் கேட்காது, இடுப்புல ஜெபமாலை ஆடறதுதான் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே எங்க முதுகு தானா நிமிரும். படிக்கும்போது உதடு அசையக் கூடாது. உதடு அசைஞ்சா அது படிக்கிறது இல்லை, மெல்லறதுன்னு சொல்வாங்க. பரீட்சை ஹால்ல அவங்க ஒரு வேலை பண்ணுவாங்க பாரு. பூனை மாதிரிப் பக்கத்துல வந்து, "முடிச்சாச்சா கண்ணு? ஈஸியா இருந்துச்சா?"ன்னு தேன் ஒழுகக் கேட்பாங்க. எவளாவது "எஸ் சிஸ்டர்"னு வாயைத் திறந்தா போச்சு. பேப்பரைப் பிடுங்கிக்கிட்டு வெளியே அனுப்பிடுவாங்க. பரீட்சை ஹால்ல யார் கேட்டாலும் பேசக் கூடாது. சிஸ்டரே கேட்டாலும் பேசக் கூடாது. நான் ஒருதரம்கூட விழுந்ததில்லை. அதான் இன்னைக்கு இப்படி இருக்கேன்.

இப்படி இருக்கேன்னா, ஒழுங்கா இருக்கேன்னு சொல்றேன்.

சரின்னு போனேன். ஒரு பைசா சம்பளம் கிடையாது, தெரிஞ்சுக்கோ. போன முதல் நாளே சொல்லிட்டேன், இனிமே கத்தற வேலை கிடையாது. உதட்டு மேல விரல். எல்லாரும் மனசுக்குள்ள படிங்க. பிள்ளைங்க என்னைப் பார்த்தது பாரு, சோறு கேட்டா மண்ணு குடுத்த மாதிரி. கோபிகா எழுந்து, "மனசுக்குள்ள படிச்சா எங்களுக்கே எப்பிடி மிஸ் கேக்கும்?"னா. விரல்னு சொன்னேன். வச்சுக்கிட்டா.

அப்புறம் சிஸ்டர் பண்ணின மாதிரியே நானும் பண்ணினேன். திடீர்னு பக்கத்துல போய், "உங்க அம்மா பேர் என்னம்மா?"ன்னு செல்லமாக் கேட்பேன். "பச்சையம்மா"ன்னு வாயைத் திறந்துச்சுன்னா வெளியே போய் வெயில்ல நிக்கணும். திறக்காம இருந்தா ஒரு மேரி பிஸ்கட். முதல்ல எல்லாம் விழுந்துச்சுங்க. கோபிகாதான் எல்லாரையும்விட அதிகமா விழுவா. "இன்னைக்குச் சாப்பாட்டுல முட்டை இருந்துச்சா?"ன்னு கேட்டா போதும், "பெரிய முட்டை மிஸ், எனக்கு ரெண்டு!"ன்னு குதிப்பா. போ வெளியேன்னுடுவேன். வெயில்ல நின்னுக்கிட்டுத் தலையில அடிச்சுக்குவா, "ஐயோ, மறுபடியும் உழுந்துட்டேன்"ன்னு.

அப்புறம் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சுக்கிட்டான்னா, அடேயப்பா. நான் என்ன கேட்டாலும் சரி, "கோபிகா, உன் பின்னாடி பாம்பு"ன்னே ஒருநாள் சொன்னேன், அசையலையே! விரலை வச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. கண்ணு மட்டும் சிரிக்குது. அன்னைக்கு அவளுக்கு நாலு பிஸ்கட். ஜெயக்கொடியே கேட்டாக்கூடப் பேச மாட்டா. நான் "பேசலாம்"னு சொன்னாத்தான் வாயைத் திறப்பா. ஜெயக்கொடிக்கு அதுல கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

என் சமையலறையில குக்கர் விசில் கேட்க ஆரம்பிச்சுது.

நடுவுல கோபிகாவோட அம்மா பச்சையம்மா வந்தா. "இன்னாம்மா, இந்தப் பொண்ணு வூட்லகூடப் பேசவே மாட்டேங்குது? எதுனா கேட்டா வெரலை வச்சுக்கினு குந்தியிருக்குது. வேப்பிலை அடிச்சுப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டா. பாரு, பிள்ளை திருந்தினா இவங்களுக்குப் பேய் பிடிச்ச மாதிரி தெரியுது. இந்த ஜனங்களோட கஷ்டமே இதான். அறியாமை. அதையும் போட்டுக்கோ.

மார்கழியில அந்த டிரஸ்ட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு முந்தின நாள் ஜெயக்கொடி வந்து, "அம்மா, பேப்பர் எல்லாம் கிடையாதாம். பிள்ளைகிட்டப் பேசிப் பார்ப்பாங்களாம். படிக்கச் சொல்லிக் கேப்பாங்களாம்"ன்னா. நான் சிரிச்சுட்டேன். பேப்பர் இல்லாம ஒரு பரீட்சையா? பேசறதுக்குப் பேர் பரீட்சையா, பொண்ணு பார்க்கறதா? இவளுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்கன்னு விட்டுட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு கோபிகாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நாளைக்கு வர்றவங்க பேச்சுக் குடுப்பாங்க. சிரிச்சுச் சிரிச்சுக் கேட்பாங்க. விழுந்துடாதே. நான் ஜன்னல்லதான் நிப்பேன்."

விரலை வச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினா. என்ன அழகாத் தயார் பண்ணியிருந்தேன் தெரியுமா?

வந்தாங்க. ஒரு தாடிக்காரர், ஒரு பருத்திப் புடவை அம்மா. வந்தவங்க நாற்காலியில உட்கார வேண்டாமா? பாயை விரிச்சுத் தரையில சம்மணம் போட்டுக்கிட்டாங்க. பரீட்சை வைக்க வந்தவங்க! சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தா அங்கேயே மயங்கி விழுந்திருப்பாங்க. கோபிகா எதிர்ல உட்கார்ந்தா. கையைக் கட்டி, முதுகு நேரா. நான் ஜன்னலுக்கு வெளியே.

"உன் பேரு என்ன கண்ணு?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

விரல் போச்சு உதட்டுக்கு.

"சொல்ல மாட்டியா? சரி, உங்க வீட்டுல ஆடு இருக்கா, மாடு இருக்கா?"

ம்ஹூம்.

"உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? எனக்கு முட்டை பிடிக்கும். உனக்கு?"

முட்டையாம்! பாவி, என் ஆயுதத்தையே எடுத்தாங்க. கோபிகா திரும்பி ஜன்னலைப் பார்த்தா. நான் சபாஷ்னு தலையாட்டினேன். அவ முதுகு இன்னும் நிமிர்ந்துச்சு.

அப்புறம் தாடிக்காரர் ஒரு படக்கதை அட்டையை நீட்டி, "இதைப் படிச்சுக் காட்டுறியாம்மா?"ன்னாரு. வாங்கினா. கண்ணு வரி வரியாப் போகுது, உதடு அசையலை. பக்கத்தைத் திருப்பினா. நான் ஜன்னல்ல இருந்து அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். கதையில ஏதோ வேடிக்கை போல, தோள் குலுங்குது, கன்னம் உப்புது, சிரிப்பை அப்படியே விழுங்கறா. அந்த ரெண்டு பேரும் ஏதோ கிசுகிசுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க, அவங்க எங்க பார்த்தாங்க? நான் பார்த்தேன். முழுசாப் படிச்சு முடிச்சு, அட்டையை மடிச்சு, ரெண்டு கையால திருப்பிக் குடுத்தா. எங்க கான்வென்ட்டுல அப்படித்தான் குடுப்போம்.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இந்த மாட்டுத்தொழுவத்துக்குள்ள ஒரு கான்வென்ட் பிள்ளை!

அப்பதான் ஜெயக்கொடி கெடுக்கப் பார்த்தா. உள்ள இருந்து, "சொல்லுடி கோபிகா, உன் பேரைச் சொல்லுடி, அடியே வாயைத் தொறடி"ன்னு கெஞ்சறா. கோபிகா அவளை ஒரு பார்வை பார்த்தா, நீங்களுமா டீச்சர்னு கேட்கற மாதிரி. அசையலை. ஜெயக்கொடி வெளியே ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அம்மா, ஒரு வார்த்தை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பேசலாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அது பேசும்."

"பரீட்சை நடக்குது ஜெயக்கொடி"ன்னேன்.

"இதுதாம்மா பரீட்சை! பேசறதுதாம்மா பரீட்சை!"

"அப்படின்னா நான் வாயே திறக்கக் கூடாது. ஜன்னல்ல நின்னு குரல் குடுக்கறதுக்குப் பேர் என்ன தெரியுமா? காப்பி அடிக்க விடறது. இந்த ஊர் மாதிரி ஊர்ல எல்லாம் பிட்டு எறிவாங்க, செவுத்துல ஏறி நின்னு விடை சொல்வாங்க. நான் அப்படிப்பட்டவ இல்லை"ன்னேன்.

அவ அழுதா. டீச்சர் அழுதா எப்படி? பிள்ளைங்க பார்க்குதே. நான் ஜன்னலை விட்டு நகர்ந்து நின்னுக்கிட்டேன். நான் நின்னா கோபிகா என் மூஞ்சியைப் பார்த்து ஏதாவது தெரிஞ்சுக்குவாளோன்னுதான். நேர்மைன்னா அந்த அளவுக்கு வேணும்.

கொஞ்ச நேரத்துல அவங்க எழுந்துட்டாங்க. அந்த அம்மா கோபிகா தலையைத் தடவிக் குடுத்தாங்க. ஜெயக்கொடிகிட்ட மெதுவா, "காது கேட்குமில்ல? டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"ன்னு கேட்டது என் காதுலயே விழுந்துச்சு. அவங்க ஜீப்பு கிளம்பினதுதான் தாமதம், கோபிகா என்னைப் பார்த்து ஓடி வர்றா பாரு, பாவாடை தடுக்குது, மூச்சு வாங்குது. வந்து முன்னாடி நின்னு விரலை வச்சுக்கிட்டுக் குதிக்கறா. பேசலாம்னேன்.

"மிஸ்! நான் பேசவே இல்ல மிஸ்! எவ்ளோ கேட்டாங்க! முட்டைகூடக் கேட்டாங்க மிஸ்! டீச்சரே வந்து ஏமாத்துனாங்க, நான் உழவே இல்ல! அந்த அட்டையில ஒரு குரங்கு கண்ணாடி போட்டுக்கினு தலைகீழாப் பேப்பர் படிக்குது மிஸ், எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்பவும் நான் உழல!"

பிஸ்கட் முழுப் பாக்கெட்டையும் அவ கையில குடுத்தேன்.

இடம் யாருக்குக் கிடைச்சுது தெரியுமா? பக்கத்து ஊர்ல ஒரு பையனுக்கு. மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும். அவங்க பேர் கேட்கறதுக்கு முன்னாடியே அவன் அவங்க பேரைக் கேட்டானாம். ஆடு குட்டி போட்ட கதையைச் சொன்னானாம், நடுவுல பாட்டு வேற பாடினானாம். அவனுக்கு! இதைக் கட்டாயம் எழுதிக்கோ. பரீட்சை வைக்கறவங்களோட தரம். கட்டுப்பாட்டுக்கு மதிப்பு இல்லாத நாட்டுல பிள்ளைங்க எப்படி உருப்படும்?

ஜெயக்கொடி அதுக்கப்புறம் என்னோட பேசறதில்லை. தெருவுல பார்த்தா பட்டியலை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டுப் போறா. அவ வேலையைச் சும்மா செஞ்சு குடுத்ததுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை. ஏழுமலைதான் வந்தான். வாசல்ல நின்னான், உள்ள வரலை, அவங்க வர மாட்டாங்க. கோபிகா அவன் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா.

"எம்பொண்ணுக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியலையாமேம்மா"ன்னான்.

அவனே மேல சொன்னான்.

"நல்லாப் படிக்குதுன்னு டீச்சர் சொன்னாங்களேன்னு நானும் நம்பிக்கினு இருந்தேன். பரவால்லம்மா. உங்களைச் சொல்லி இன்னா பண்றது? நீங்களும்தான் தெனம் போயிப் பாத்தீங்க. அது மண்டையில ஏறல, அவ்ளோதான். அதுக்கு ஏன் நீங்க மனசு கஷ்டப்படணும்?"ன்னான்.

நல்ல மனுஷன். அவ்வளவு மரியாதையாப் பேசறவன்கிட்ட எதுத்துப் பேச எனக்கு மனசு வரலை. ஆமாம்ப்பான்னு சொல்லி வச்சேன். கோபிகா என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. என்ன பார்வையோ. பேசலாம்னு நானும் சொல்லலை, அவளும் பேசலை.

பொங்கல் முடிஞ்சு லாரி வந்துச்சு. நான் வழியனுப்பப் போனேன், என்ன இருந்தாலும் நான் பாடம் சொல்லிக் குடுத்த பிள்ளை இல்லையா? பாத்திரம், பாய், கோழி, ஆளு எல்லாம் ஒண்ணாக் குவிஞ்சு கிடக்கு. கோபிகா அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தா. சூளைக்கு ஆள் சேர்க்கற மேஸ்திரி கீழே நின்னு பார்த்துக்கிட்டே வந்தான். இவகிட்ட வந்து, "ஏ பொண்ணு, உன் பேரு இன்னா? படிக்கத் தெரியுமா? கல்லு எண்ணி எழுத ஒரு ஆளு வேணும்"னான்.

விரலை வச்சுக்கிட்டா. அவனுக்கா பொறுமை இருக்கும்? "இன்னாடா இது, ஊமையா?"ன்னு பச்சையம்மாவைக் கேட்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. கோபிகா கூட்டத்துக்குள்ள என்னைத் தேடினா. என் மூஞ்சியைப் பார்த்தா. எனக்குப் பாவமா இருந்துச்சும்மா. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்லையே.

"இது பரீட்சை இல்லடி. நீ பேசலாம்"ன்னேன்.

எழுந்து நின்னா. "பேரு கோபிகா. அப்பா பேரு ஏழுமலை. தமிழ் படிப்பேன், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும், பெருக்கல் வகுத்தல் எல்லாம் போடுவேன்"ன்னு மடமடன்னு கொட்டறா. அவன் வாயைப் பிளந்துட்டான். "அடேங்கப்பா, இது போதும்பா. இனிமே வருசா வருசம் இந்தப் பொண்ணை வுட்டுட்டு வந்துடாதீங்க"ன்னு ஏழுமலைகிட்டச் சொல்லிட்டு லாரியைத் தட்டினான்.

பார்த்தியா? நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். எல்லாம் தெரியுது அவளுக்கு. இத்தனையும் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு அன்னைக்கு அப்படி உட்கார்ந்திருக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியலை. எழுதிக்கோம்மா, கடைசியா ஒண்ணு. பிள்ளைங்களோட பிடிவாதம்.